கறுப்பு வயலின் மழை

தவளை கத்தியது.

கூமூர் விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டான். வெயில் காலத்தின் உச்சம் அது. மழை இன்னும் எங்கோ தெற்கே கடலுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கும் நேரம். ஜன்னலுக்கு வெளியே ஏசி இயந்திரம் சொட்டவிடும் தண்ணீரில் கையகலச் சேறு ஒன்று உண்டு. சத்தம் அங்கிருந்துதான் வந்தது, ஈரத் தோலை ஈரத் தோலில் தேய்ப்பதுபோல, விட்டு விட்டு, யாரையோ கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல. தவளைகள் மண்ணுக்கடியில் மாதக்கணக்கில் உறங்கும். நல்ல மழை வந்தால் மட்டும் மேலே வரும்.

"கேக்குதா?" என்றான்.

எதிர் மேசையில் ஹமானி வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தான். "என்னது?"

"தவளை."

"உன் வயித்துக்குள்ள இருக்கும். ஒட்டகப் பாலும் பேரீச்சம்பழமுமா தின்னா தவளை என்ன, முதலையே கத்தும்."

ஹமானி நைஜர் ஆற்றங்கரைக்காரன். பாலைவனத்தில் நீலத் துணியால் முகத்தை மூடித் திரியும் துவாரெக் ஆட்களைக் கிண்டல் செய்வது அவன் குலத்துக்குப் பிறப்புரிமை. கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது கூமூரின் குலத்துக்கு விதி. மற்ற நாட்களில் கூமூர் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பான். இன்று எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான்.

மண் வாசனை வந்தது. நனைந்த மண்ணின் வாசனை. ஆனால் கண்ணுக்கெட்டிய வரை எதுவும் நனைந்திருக்கவில்லை.

கம்பெனிக்காரர்கள் அந்த இடத்துக்கு வைத்த பெயர் நீளமானது. ஆடு மேய்ப்பவர்களின் முகாம்களில் எல்லோரும் கறுப்பு வயல் என்றுதான் சொன்னார்கள். சூரியப் பலகைகள் வரிசை வரிசையாக வானம் தரையைத் தொடும் இடம்வரை போயின. அவற்றைச் சுற்றி வேலி போட்டதுபோலக் காற்றாலைகள். வெளுத்த மணல் வெயிலைப் பெரும்பாலும் வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். கறுப்புப் பலகைகள் அனுப்புவதில்லை. குடித்து வைத்துக்கொள்ளும். மின்சாரமாக ஆனது போக மிச்சச் சூடு மேலே கிளம்பும். காற்றாலைகள் தரைக்காற்றைத் தடுத்து அதையும் மேலே ஏற்றிவிடும். தெற்கிலிருந்து கொஞ்சம் ஈரம் வந்து சேர்ந்தால் போதும், சுற்றிலும் வானம் சுத்தமாக இருக்க, வயலுக்கு மேல் மட்டும் மேகம் திரளும். முதலில் புல் வந்தது. புல் முளைத்த மண்ணும் கறுத்தது. கறுத்த மண் இன்னும் சூட்டைக் குடித்தது. இன்னும் மழை வந்தது.

நல்லதுதானே என்று கூமூரே முகாம் முகாமாகப் போய்ச் சொன்னான். அதுதான் அவன் வேலை. தலைநகர் நியாமேயில் புவியியல் படித்தவன், அவர்கள் மொழி பேசுகிறவன், கம்பெனிக்கும் கூடாரங்களுக்கும் நடுவில் நிற்க வேண்டியவன்.

போன வெயில் காலத்தில் ஒரு மாலை, தலைக்கு மேல் மேகமே இல்லாதபோது, கோரியில் வெள்ளம் வந்தது.

கோரி வறண்ட மணலாறு. வருஷத்தில் சில நாட்கள்தான் ஓடும், அதுவும் மழைக்காலத்தில். வெயில் காலத்தில் நிழல் தரும் மரங்களும் கையால் தோண்டினால் ஊறும் தண்ணீரும் அதன் படுகையில்தான் இருக்கும். அதனால் அந்த மாதங்களில் எல்லோரும் படுகைக்குள்ளேயே கூடாரம் போடுவார்கள். அவர்களுடைய அப்பன்மாரும் அப்படித்தான் போட்டார்கள். வெயில் காலத்தில் கோரி ஓடும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அந்த வெள்ளத்தில் கூமூரின் மனைவி போனாள். கூடாரமும் போயிற்று. உடல் கிடைக்கவில்லை. ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு பாட்டியோடு கரையேறியிருந்ததால் குழந்தை பிழைத்தது. அன்றிலிருந்து மனைவியின் பெயரை அவன் சொன்னதில்லை. இறந்தவர்களின் பெயரை அவர்கள் சொல்வதில்லை. சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடும்.

கதவைத் தட்டாமல் ராமத்து மேடம் உள்ளே வந்தாள். வானிலைக் கருவிகள் அவள் பொறுப்பு. கண்ணாடியைத் தலைமேல் தூக்கிவிட்டிருந்தாள்.

"வடக்குப் பக்கம் ஏற்கெனவே கொட்டுது. இருட்டுறதுக்குள்ள கோரி ஓடும்." அவள் கூமூரைப் பார்த்தாள். "படுகையில யாரும் இல்லையே?"

"இல்ல மேடம்."

"எல்லாரையும் மேல ஏத்திட்டீங்கதானே? போன மாசமே?"

"ஏத்தியாச்சு."

"நல்லது," என்றாள். போய்விட்டாள்.

கூமூர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். காதுகள் சுட்டன. எல்லா முகாம்களுக்கும் போயிருந்தான். கெஞ்சினான், மிரட்டினான், ஒட்டகங்களில் சாமான் ஏற்றக் கைகொடுத்தான். ஒரு முகாமுக்கு மட்டும் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கடைசியில் போய்விட்டதாகவே சொல்லிவிட்டான். தெற்கு வளைவில், பெரிய கருவேல மரத்துக்குக் கீழே, மகளைப் பறிகொடுத்த இடத்தை விட்டு நகரமாட்டேன் என்று மாமியார் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் அவன் குழந்தை கைஷா இருந்தாள்.

அவர்கள் வழக்கத்தில் மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் முன்னால் வாயை மூடிய துணியை இறக்குவதில்லை, சாப்பிடுவதில்லை, நேருக்கு நேர் பேசுவதில்லை. அவள் அவன் பெயரைச் சொல்வதில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். இத்தனை வருஷமும் அந்த ஆள் மனைவிதான். இப்போது அவன் எந்த வாயால் போய், யாரிடம் சொல்லி, எந்த மழையைப் பற்றி எச்சரிப்பது? அந்த மழை நல்லது என்று சொல்லி அவர்களை அந்தப் புல்லுக்குக் கூட்டிவந்ததே அவன்தான்.

வண்டிச் சாவியை எடுத்தான்.

"எங்க கிளம்பிட்ட?" என்றான் ஹமானி.

"சும்மா. ஒரு சுத்து."

"மழையில நனையவா? துணிச் சாயம் இறங்கி மூஞ்சி நீலமாயிடும். ஏற்கெனவே உன்னைப் பாத்தா எங்க ஊர்ப் புள்ளைங்க அழுவும்." கடலையை வாயில் போடப்போனவன் நிறுத்தினான். குரல் இறங்கியது. "கூமூரு. தெற்கு வாசல் காவல் வண்டிக்கு ஒரு போன் போடட்டுமா? அவனுங்க கோரிக்குப் பக்கத்துலதான் நிக்கிறானுங்க."

போடச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். ராமத்து மேடம் கேட்பாள். நாளைக்குச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சட்டென்று பேச்சை நிறுத்துவார்கள்.

"வேணாம்டா," என்றான் கூமூர். "நான் பாத்துக்கிறேன்."

தெற்கு வளைவுக்குப் போகும் சாலை கறுப்பு வயலின் நடுவே போயிற்று. இரண்டு பக்கமும் பலகைகள் சாயும் சூரியனை நோக்கிச் சரிந்து நின்றன, அவற்றின் அடியில் ஆளுயரத்துக்கு வளர்ந்த புல் காய்ந்தும் காயாமலும் உராய்ந்துகொண்டிருந்தது, திறந்த ஜன்னல் வழியாக வந்த காற்றில் சுட்ட இரும்பின் வாசனையும் அழுகிய வேரின் வாசனையும் கலந்திருந்தன, வயலின் விளிம்பில் காற்றாலைகளின் இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும்போது யாரோ பெரிய போர்வையை மெதுவாக உதறி மடிப்பதுபோல ஒரு சத்தம் எழுந்து, அடங்கி, மறுபடி எழுந்தது. மேகம் வண்டிக்கு மேலேயே வந்தது. அதன் ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல இருந்தன. ஓரத்துக்கு அப்பால் வானம் தேன் நிறத்தில் சுத்தமாகக் கிடந்தது.

மாமியாரோடு இருக்கும் மச்சானின் எண்ணை அழுத்தினான். சிக்னல் இல்லை. மச்சான் எப்படியும் அகதேஸ் சந்தையில் இருப்பான். படுகையில் ஒரு கிழவியும் ஒரு குழந்தையும் மட்டும்தான்.

அப்போது பலகைகள் அசைந்தன.

புயல் காற்று வந்தால் அவை தாமாகவே படுத்துக்கொள்ளும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள், அவன் பலமுறை பார்த்திருக்கிறான். ஆனால் உள்ளே இருந்துகொண்டு பார்த்ததில்லை. லட்சக்கணக்கான கறுப்பு முகங்கள் ஒரே முனகலோடு சூரியனை விட்டுத் திரும்பி, மெதுவாக, மிக மெதுவாக வானத்தைப் பார்த்து மல்லாந்தன. திரும்பும்போது ஒவ்வொன்றிலும் மேகம் தெரிந்தது. சாலை தெரிந்தது. வண்டி தெரிந்தது. வண்டிக்குப் பின்னால் சாலையில் நடந்துவரும் ஒருத்தி தெரிந்தாள்.

கூமூர் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். சாலையில் யாரும் இல்லை. வண்டியை நிறுத்தாமலே கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். புழுதி. அவ்வளவுதான்.

முதல் துளிகள் கண்ணாடியில் சேறாக விழுந்தன. துடைப்பான் அதை இழுத்துப் பூசியது. மழையில் அவுரிச் சாயத்தின் வாசனை இருந்தது. புதுத்துணியைச் சுற்றிக்கொண்டு வேர்க்கும்போது கழுத்திலிருந்து வரும் வாசனை. அவன் தன் முகத்துணியை முகர்ந்து பார்த்தான். அது சோப்புப்போட்டுத் துவைத்த வெள்ளைத் துணி. ஹமானிக்கு அது தெரியும். சாயம் இறங்கும் என்று எதற்குச் சொன்னான்?

கேலிக்குத்தான். வேறு எதற்கு.

கரைக்கு வந்து சேர்ந்தபோது சூரியன் போய்விட்டிருந்தது. இன்னும் இருட்டவில்லை. புழுதிக்குள் செம்மை மிச்சமிருந்தது. இங்கே மழை இல்லை. கோரி எப்போதும்போல அகலமாக, வெளுப்பாக, வறண்டு கிடந்தது. வடக்கே எங்கோ இடி உருண்டது. மின்னல் தெரியவில்லை. கரையோரத்தில் வண்டியை விட்டுவிட்டு அவன் மணலில் இறங்கினான்.

மணல் சூடாக இருந்தது. மாலையானால் குளிர்ந்துவிடும் மணல்தான் அது முன்பெல்லாம். கருவேல மரம் தெரிந்தது. அதன் கீழே தோல் கூடாரம். கூடாரத்தின் வாசலில் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையோடு கறுநீலத் துணியைப் போர்த்திக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்து ஒரு சின்ன முழங்கால் நீட்டிக்கொண்டிருந்தது.

அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. உடனே அந்த முதுகைப் பார்த்ததற்காகக் கூசினான். முகத்துணியைக் கண்ணுக்குக் கீழ்வரை இழுத்துவிட்டான். பார்வையை மணலில் போட்டான். மருமகன் நிற்க வேண்டிய தூரத்தில் நின்று, பக்கவாட்டில் திரும்பி, மண்டியிட்டான்.

"கைஷா," என்றான்.

"யாரு?"

"அப்பாதாம்மா. உங்கப்பா."

கிளுக்கென்று ஒரு சிரிப்பு. "அப்பாவா? அப்ப ஏன் அங்கயே உக்காந்திருக்க? வா."

"வரக்கூடாது. அம்மாச்சி இருக்காங்க இல்ல."

"இருந்தா?"

"வெக்கம்."

"எனக்கு வெக்கமே இல்ல," என்றாள் பெருமையாக. "துணிய எறக்கு. உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு மறந்துபோச்சு."

"அப்புறம் காட்டுறேன். இப்ப நான் சொல்றத அம்மாச்சிகிட்ட சொல்லு. தண்ணி வருது. உடனே கரைக்கு ஏறணும். சாமான் எதையும் எடுக்க வேணாம்."

கிசுகிசுவென்று சத்தம். குழந்தை சொல்கிறதா, அவள் சொல்கிறாளா என்று தெரியவில்லை. மணலில் எறும்பு ஒன்று தன்னைவிடப் பெரிய எதையோ இழுத்துக்கொண்டு போயிற்று.

"சொல்லிட்டேன்," என்றாள் கைஷா.

"என்ன சொன்னாங்க?"

"நீ ஏன் முன்னாடியே வரலன்னு கேக்குறா."

"வேலை இருந்துச்சுன்னு சொல்லு."

கிசுகிசு.

"பொய்யாம். எல்லா முகாமுக்கும் போனியாம். இங்க மட்டும்தான் வரலயாம்."

மேய்ப்பவர்கள் சொல்லியிருப்பார்கள். ஒருத்தன் போனால் போதும், பாலைவனம் முழுக்கத் தெரிந்துவிடும். கூமூர் தலையை இன்னும் குனிந்துகொண்டான். "சரி. தப்புதான். அவங்க முன்னால நிக்கக் கூசுச்சு. எது வேணாலும் திட்டட்டும், மேல வந்து திட்டட்டும். எந்திரிக்கச் சொல்லு கண்ணு."

"டீ குடிக்கிறியான்னு கேக்குறா."

"டீயா? இப்பவா?"

"விருந்தாளிக்குக் குடுக்கணுமாம்."

அப்போதுதான் கரியின் வாசனை இல்லை என்று அவனுக்கு உறைத்தது. அடுப்பு மூட்டியிருக்கவில்லை. ஆடுகள் இல்லை. இந்த நேரத்துக்கு ஆடுகள் கூடாரத்தைச் சுற்றிக் கத்திக்கொண்டிருக்க வேண்டும், குட்டிகள் கயிற்றில் கட்டப்பட்டிருக்க வேண்டும். புழுக்கை வாசனைகூட இல்லை. ஒரு சத்தம் மட்டும் இருந்தது. வந்ததிலிருந்தே இருந்திருக்கிறது, அவன் கவனிக்கவில்லை. சொட்டு. சொட்டு. காய்ந்த மணலில் தண்ணீர் விழும் சத்தம்.

"ஆடெல்லாம் எங்க?"

கிசுகிசு. இந்த முறை நீண்ட நேரம்.

"அது வேணாமாம். இன்னொன்னு கேக்கச் சொல்றா." குழந்தை பாடம் ஒப்பிப்பதுபோல இழுத்துச் சொன்னாள். "போன்ல கூப்பிட்டப்ப நீ எடுக்கலயாம். மறுபடி கூப்பிட்டாளாம். அப்பவும் எடுக்கலயாம். அப்புறம் நீ போன அணைச்சு வெச்சுட்டியாம். ஏன்னு கேக்குறா."

கூமூரின் விரல்கள் மணலுக்குள் போயின.

வெள்ளம் வந்த அந்த மாலை அவன் அலுவலகத்தில் கம்பெனித் தலைவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். திரையில் பச்சை வண்ணத்தில் வரைபடம். இங்கெல்லாம் புல் வரும், இங்கெல்லாம் மழை கூடும். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. பெரிய மனிதர்கள் முன்னால் மனைவியோடு பேசுவது அழகில்லை என்று அணைத்தான். இதை அவன் யாருக்கும் சொன்னதில்லை. ஹமானிக்குச் சொன்னதில்லை. மாமியாருக்குத் தெரிய வழியில்லை. ஒருவேளை கரையிலிருந்து பார்த்திருப்பாளோ? மகள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றதை? அணைத்து வைத்தது எப்படித் தெரியும்?

"கைஷா. அதை யார் சொன்னா?"

"இவதான்."

"அம்மாச்சியா?"

சொட்டு. சொட்டு.

கூமூர் கண்களை உயர்த்தவில்லை. கொஞ்சம் நகர்த்தினான். மணல் வழியாக, கூடாரத்தின் முளைக்குச்சி வரை. முளைக்குச்சி நனைந்திருந்தது. கட்டிய கயிறு நனைந்திருந்தது. தோலின் ஓரம் ஊறித் தொங்கியது. அந்த ஓரத்தில் சிவப்புத் தோலால் ஒட்டுப்போட்டிருந்தது. கோணல் தையல். கல்யாணமான முதல் வருஷம் அவனே உட்கார்ந்து தைத்தது, ஆம்பளை தைக்கிறான் பாருங்கள் என்று பெண்கள் சிரித்தது.

வெள்ளத்தில் போன கூடாரம்.

"கூமூரு!"

கரையிலிருந்து. அவன் பின்னாலிருந்து. உடைந்த, வயதான, பெண்குரல்.

"அடேய் கூமூரு! அங்க யாருகிட்டடா பேசிட்டிருக்க? மேல வாடா! தண்ணி வருதுடா!"

மாமியாரின் குரல். அவளுடையதுதானா? பக்கத்துக் கூடாரத்தில் அவள் மற்றவர்களோடு பேசிக் கேட்டிருக்கிறான், தாழ்ந்த குரல். கத்தி அவன் கேட்டதில்லை. அவன் பெயரை அவள் வாழ்க்கையில் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டாள். பாழ்வெளியில் அலையும் பேய்கள்தான் பொழுது சாயும் நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், தெரிந்தவர்களின் குரலில். திரும்பக் கூடாது. சிறுவயதிலேயே சொல்லிக்கொடுத்தது.

எதிரில் இருப்பவளோ முறை தவறவில்லை. முகத்தைத் திருப்பிக் காட்டவில்லை. ஒரு வார்த்தை நேராகப் பேசவில்லை.

"அப்பா!" என்றது கரையிலிருந்து ஒரு குழந்தை. "அப்பா, ஓடி வா!"

"அப்பா," என்றது எதிரில் ஒரு குழந்தை, மெதுவாக. "போகாத."

அவன் மூச்சை நிறுத்திக் கேட்டான். கரையில் ஒன்று. மணலில் ஒன்று. இரண்டு குரலும் ஒன்றல்ல. ஒன்று கொஞ்சம் கனம், ஒன்று மெலிசு. அவன் கைஷாவோடு கடைசியாகப் பேசியபோது அவளுக்குச் சொற்கள் பாதிதான் வரும். அதற்குப் பிறகு வளர்ந்திருப்பாள். குரல் மாறியிருக்கும். எப்படி மாறியிருக்கும்?

தெரியவில்லை.

தன் குழந்தையின் குரல் எது என்று அவனுக்குத் தெரியவில்லை.

முகம் எரிந்தது. பயத்தைவிட அதுதான் முதலில் வந்தது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுபோல அவன் சுற்றுமுற்றும் கண்ணை ஓட்டினான்.

"அவ கேக்குறா," என்றது எதிரில் இருந்தது, "எது நான்னு உனக்குத் தெரியலயான்னு."

வடக்கே சத்தம். இடி அல்ல. இடி நிற்கும். இது நிற்கவில்லை. ஆயிரம் ஒட்டகங்கள் சரளைக்கல்லில் ஓடிவருவதுபோல. தரை நடுங்கியது. வளைவின் திருப்பத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அதன் முன்னால் வெள்ளையாக நுரை, குச்சிகள், புல், வேரோடு ஒரு மரம்.

"கூமூரு! உன் புள்ள இங்கதான்டா இருக்கா! என் கையப் புடிச்சிட்டு நிக்குறா! பாருடா!"

திரும்பலாம். திரும்பிப் பார்த்தால் போதும்.

அது பாழின் குரலாக இருந்தால்? அவன் திரும்பி ஓடி, கரையேறி, அங்கே யாரும் இல்லாமல் இருந்தால்? இங்கே மடியில் இருப்பது கைஷாவாக இருந்தால்? இரண்டாம் முறை. இரண்டாம் முறையும் அவன் வரவில்லை என்று ஆகிவிடும்.

போன் அதிர்ந்தது நினைவுக்கு வந்தது.

கையை நீட்டினான். கண்ணைத் தூக்காமல், மணலைத் தடவிக்கொண்டு, நிற்க வேண்டிய தூரத்தைத் தாண்டி. "கைஷா. கையக் குடு."

சின்னக் கை ஒன்று அவன் உள்ளங்கைக்குள் வந்தது.

குளிர்ந்திருந்தது. சுடும் மணலில், சுடும் காற்றில், அது மட்டும். விரல்கள் நன்றாகச் சுற்றிக்கொண்டன.

இழுத்தான். வரவில்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் இழுத்தான். தூணை இழுப்பதுபோல. நீரின் முதல் நாக்கு அவன் கணுக்காலைச் சுற்றியது.

கரையில் யாரோ டார்ச் அடித்தார்கள். வெளிச்சம் மணலில் தட்டுத்தடுமாறி ஓடி வந்து அவர்கள் மேல் விழுந்தது.

குழந்தை அவனை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. வாய் நிறைய ஈர மணல். உதடுவரை, பல் தெரியாமல், அழுத்தி அடைத்த மணல். அது அசையவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அவ திரும்பவான்னு கேக்குறா."

கரையில் குழந்தை வீறிட்டது. அப்பா, அப்பா, அப்பா. அதுதான். அதுதான் அவள். இப்போது தெரிந்தது. வேறு எந்தக் குரலும் அவனை அப்படிக் கூப்பிட முடியாது.

கையை உதறினான். விரல்கள் விடவில்லை.

கறுநீலத் துணி அசைந்தது. தோள் அசைந்தது. அத்தனை நேரம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவள் திரும்பினாள், மெதுவாக, தண்ணீர் சொட்டச் சொட்ட. டார்ச் வெளிச்சம் அவள் கழுத்தில் ஏறியது. தாடைக்கு வந்தது.

கூமூர் தலையைக் குனிந்துகொண்டான்.

முறையினால் அல்ல. அவள் மாமியார் இல்லை என்று தெரியும். அந்த முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. குனிந்த பார்வைக்குள், ஓடும் நீரின் மேல், ஊறி வெளுத்துச் சுருங்கிய இரண்டு பாதங்கள் நடந்து வந்து, அவன் பாதங்களுக்கு நேர் எதிரே, விரல் நுனி தொட, நின்றன.